தகரத்துக்கு அந்தப் பக்கம் சித்தப்பா

மூன்று வருடங்களுக்கு முன், தாராவியில் மழை கொட்டித் தீர்த்த ஒரு ஜூலை மதியம் நடந்தது இது.

எங்களுடையது ஆட்டோ ரிக்ஷா ரிப்பேர் கேரேஜ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து தொடங்கியது. போர்டில் யார் பெயர் முதலில் வருவது என்று ஒருநாள் சண்டை வந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதற்குத்தான்! நடுவில் தகரம் அடித்துப் பிரித்துக்கொண்டார்கள். மெயின் ரோட்டைப் பார்த்த பாதி சித்தப்பாவுக்கு, பின்சந்துப் பக்கம் பார்த்த பாதி எங்களுக்கு. பேச்சுவார்த்தை அடியோடு நின்றுபோனது. மகள் நான் அப்பாவோடு வேலை பார்க்கிறேன். இன்ஜினைப் பிரித்து மாட்ட எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அன்று அப்பா ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாக்கடை பொங்கி, தண்ணீர் கேரேஜுக்குள் வந்துவிட்டது. உள்ளே ரிப்பேருக்கு வந்த ஐந்து ரிக்ஷாக்கள். இன்ஜினில் தண்ணீர் புகுந்தால் ஐந்து குடும்பங்களின் பிழைப்பு போச்சு. வாசல் வழியாகத் தள்ளலாம் என்றால், சந்து இன்னும் பள்ளம். அங்கே இடுப்பளவு தண்ணீர். மேடான மெயின் ரோட்டுக்குப் போக ஒரே வழி அந்தத் தகரம்தான்.

அப்பாவுக்கு போன் செய்யப் போனேன். சித்தப்பாவிடம் உதவி கேட்கிறேன் என்றால், “அவன்கிட்டயா?” என்று குதிப்பார், தெரியும். போனை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

தகரத்தை இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். போல்ட்டின் தலை எங்கள் பக்கம், நட்டு அவர்கள் பக்கம். ஒரு பக்கம் மட்டும் திருகினால் அது பாட்டுக்குச் சுற்றும். ஸ்பேனரால் தகரத்தைப் படபடவென்று தட்டினேன்.

“சித்தப்பா! பானி ஏறுது, ரிக்ஷாவெல்லாம் முங்கப்போவுது. அந்தப் பக்கம் நட்டக் கழத்துங்க!”

ஆள் இருப்பது இருமலில் தெரிந்தது. நட்டு மட்டும் அசையவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“எங்கப்பாகூட நீங்க பேச வேண்டாம். வண்டிக்காரங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?”

“ஏட்டி, கத்தாத. போல்ட்டுத் தலைய அசையாம புடி, நான் கழத்துதேன்.”

துருப்பிடித்த முதல் நட்டு கிரீச்சென்று அசைந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கழற்றித் தகரத்தைச் சாய்த்தோம். சித்தியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். மூவருமாகத் தள்ளி ஐந்தையும் ரோட்டில் ஏற்றினோம். கடைசி வண்டி ஏறியபோது உள்ளே தண்ணீர் முழங்காலைத் தொட்டிருந்தது.

ஊரிலிருந்து திரும்பிய அப்பா, திறந்து கிடந்த கேரேஜைப் பார்த்ததும் முகம் சிவந்தார்.

“ஏட்டி, யாரக் கேட்டுத் தொறந்த?”

“யாரையும் கேக்கலப்பா. அடைக்கணும்னா நீங்க ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம் நின்னு முடுக்குங்க.”

அப்பா சாய்த்து வைத்திருந்த தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் நின்ற சித்தப்பாவைப் பார்த்து, “லேய், சாயா குடிக்கியா?” என்றார்.

சம்மதம் கேட்டுக் காத்திருந்தால் ரிக்ஷாக்களும் போயிருக்கும், சித்தப்பாவும் கிடைத்திருக்க மாட்டார். நியாயம் என்று மனதுக்குப் பட்டதைச் செய்ய அன்றிலிருந்து நான் யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை.