இன்னைக்குத்தேன் கடைசி நாளு

கடைகளுக்கு பில் போடுற சாப்ட்வேர் விக்கிற கம்பெனியில எனக்கு வேல. பழங்காநத்தத்துல ஆபீஸு. மாசக் கடைசியானா பழைய வெர்ஷன் வச்சிருக்கவங்களுக்கெல்லாம் போன் போட்டு, "ஆஃபரு இன்னைக்குத்தேன் கடைசி நாளு, புதுசுக்கு மாறிக்கங்க"ன்னு சொல்லணும். மதுரைக்காரங்ககிட்ட இது எடுபடுமா? ஒருத்தர், "இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. நாளன்னைக்கு வாங்கிக்கிறேன், வெலய மட்டும் அப்படியே வச்சிரு மாப்ள"ம்பாரு. இன்னொருத்தர், "போன மாசமும் கடைசி நாளுன்ன. ஒனக்கு எத்தன கடைசி நாளுய்யா?"ம்பாரு. எனக்கே சிரிப்பு வந்துரும். பெறகு எங்கிட்டு விக்கிறது?

சிம்மக்கல்ல ஒரு பிளாஸ்டிக் மொத்தக் கடையில கணக்கு பாக்குற அம்மா ஒருத்தங்க. அவுங்களுக்கு மட்டும் காலையில போட மாட்டேன். மத்தவங்க வசவையெல்லாம் வாங்கி முடிச்சிட்டு, சாயந்தரம் டீ குடிச்சு தொண்டைய சரி பண்ணிட்டுத்தேன் போடுவேன்.

"சொல்லுங்க சார், இந்த மாசம் எப்ப உலகம் அழியுது?"

"முப்பது பர்சென்ட் தள்ளுபடி மேடம்."

"அம்புட்டுத்தானா? நாப்பதானதும் வாங்க."

அப்புறம் பேச்சு பாலத்து டிராஃபிக், அவுங்க மாடித் தொட்டியில காய்க்காத கத்தரிச் செடி, என் சமையல்னு போகும். நான் தனிக்கட்ட. அவுங்களும் அப்படித்தேன்னு பேச்சோட பேச்சா வந்துச்சு ஒரு நாளு. அன்னைக்கு ஆஃபரச் சொல்லவே மறந்துட்டேன். நேர்ல பாத்ததில்ல. ஒருக்கா பஸ் ஏறி கடை வாசல் வரைக்கும் போயி, வழுக்கையத் தடவிப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டேன்.

இந்த வருஷம் கம்பெனி புதுசா ஒண்ணு விட்டுச்சு. ஒரு தடவ பணம் கட்டுனா போதும், ஆயுசுக்கும் தானா புதுசாகிக்கும். அவுங்ககிட்ட நான் சொல்லி முடிக்கல.

"இது நல்லாருக்கே சார். போட்டுருங்க."

நாந்தேன் பதறியடிச்சு மறிச்சேன். "அவசரமில்ல மேடம். அடுத்த மாசம் இதவிட நல்லா வரும்."

"கடைசி நாளுன்னீங்க?"

"அது சும்மா சொல்றது மேடம்."

சிரிச்சாங்க. "விக்கிற ஆளே வேணாங்குறீங்க! மாசாமாசம் உங்களுக்கும் சிரமந்தான சார். போடுங்க."

எனக்குப் பாவம் பாத்துத்தேன் வாங்குனாங்க. மேனேஜர் கைதட்டி எல்லாருக்கும் பப்ஸ் வாங்கித் தந்தாரு. என் பப்ஸ பக்கத்து சீட்டுக்காரன்ட்ட தள்ளிட்டேன்.

ஆயுசுக்கும் கட்டுனவங்களுக்கு நாங்களா போன் போடக் கூடாது. நம்பர் மனப்பாடம்தேன். எதச் சொல்லிப் போடுறது?

இப்பல்லாம் ரிப்பேருன்னு போன் அடிச்சா நாந்தேன் ஓடிப்போயி எடுக்குறேன். யார் யாரோ பேசுறாங்க. அவுங்க கடையில மட்டும் அந்தப் பாழாப்போன சாப்ட்வேரு ஒரு நாளு கூட மக்கர் பண்ண மாட்டேங்குது. அம்புட்டு நல்லா செஞ்சிருக்காய்ங்க.