தனியாகச் சென்ற இளம்பெண்

டிவி திரைக்கு அடியில் ஓடுகிற செய்தி வரியை ராத்திரி முழுக்கத் தட்டுகிற வேலை எனக்கு. அதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு மாதிரி பார்ப்பது உங்கள் வேலை.

பெயர் போடும் முறை

எங்களுடையது ஒரு கட்சிக்காரர் நடத்துகிற சேனல். சேர்ந்த புதிதில், பூந்தமல்லியில் பைக் திருடிய இருவரைப் பற்றி வரி அடித்தேன். ஷிப்ட் பொறுப்பாளர் இருவரில் முஸ்லிமின் பெயரை மட்டும் விட்டுவைத்து, மற்றவன் பெயரை எடுத்துவிட்டு 'கூட்டாளி' ஆக்கினார். "ரெண்டு பேரும்தானே சார் திருடினாங்க?" என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "திருடினது ரெண்டு பேர்தான்யா. நமக்கு உபயோகம் ஒருத்தன்தான்."

தக்காளி சாதம்

காலையில் வேலை முடிந்து சென்னீர்குப்பத்தில் பஸ் இறங்கினால் சாதிக் பாய் கடை டீ. வெள்ளத்தின்போது அவரும் தெருக்காரர்களும் அண்டா அண்டாவாகத் தக்காளி சாதம் கிண்டி, இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப்போய்க் கொடுத்தார்கள். 'தன்னார்வலர்கள் உணவு வழங்கினர்' என்று நானே வரி போட்டு, பாயிடம் பெருமையாகச் செல்போனில் காட்டினேன். டீ ஆற்றுவதை நிறுத்தாமல் கேட்டார்: "இன்னா அண்ணாத்தே, எங்காளு திருடுனா பேரு வருது, சோறு போட்டா பேரே காணோம்?"

கை தானாக அடித்தது

பாயின் மகள் ஷமீமாவுக்கு அம்பத்தூர் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். போன மாதம் வேலப்பன்சாவடியில் கம்பெனி வேனிலிருந்து ஆறு பெண்களோடு இறங்கியவளிடம், பைக்கில் வந்தவன் கைப்பையைப் பறித்துவிட்டான். நிருபரிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பெண்ணிடம் பறிப்பு, ஊர், நேரம், அவ்வளவுதான். மீதியைக் கை தானாக அடித்தது: 'நள்ளிரவில் தனியாகச் சென்ற இளம்பெண்ணிடம்...' எங்கள் வரிகளில் ஆண்கள் ஊழியர், வியாபாரி. பெண்ணுக்கு வயசு மட்டும்தான்.

அதைப் படித்த பாயின் அண்ணன், இனி ஷமீமா வேலைக்குப் போகக் கூடாது என்றுவிட்டார். நான் எழுதிய பெண் ஷமீமாதான் என்பதே டீக்கடையில்தான் எனக்குத் தெரிந்தது. ஷமீமா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "ஐடி கார்டு கழுத்துல தொங்கிச்சு மாமா. 'வேலை முடிஞ்சு வந்த'ன்னு போட எடமா இல்ல?" ஓடிக்கொண்டே இருக்கிற வரியில் இடமில்லை என்று எப்படிச் சொல்ல?

ஒப்புதல்

பாயோடு அவர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எங்கள் சேனலைத் தினமும் திட்டிக்கொண்டே பார்க்கிறவர். "எழுதுனதே நான்தான் பாய். 'தனியா'ன்னு யாரும் சொல்லல, நானா போட்டது" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "எங்களப் பத்தி ஒங்க டிவி சொல்றது பொய்யின்னு தெரியும் தம்பி. பொம்பளப் புள்ளயப் பத்தி எதுக்குப் பொய் சொல்லப்போறாங்க?"

ஷமீமாவின் ஐடி கார்டு ஆணியில் தொங்குகிறது. எழுத்துப்பிழைக்குச் சம்பளம் பிடிக்கிற எங்கள் ஆபீஸ், இந்த மாதம் எனக்கு முழுச் சம்பளம் போட்டிருக்கிறது.