கட்டுகஸ்தோட்டையில் வாங்கிய கண்ணாடி அலுமாரி

இப்போது வீட்டுக்கு வருகிற இளசுகள் அந்த அலுமாரிக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். "அன்ரி, இப்பிடிப் பழைய சாமானுக்குக் கொழும்பில எவ்வளவு மவுசு தெரியுமே?" என்று கேட்கிறார்கள். தெரியும் பிள்ளைகளே, தெரியும். ஆனால் நான் பழைய சாமானால் வீட்டை நிரப்பியது ரசனையால் அல்ல. புதுச் சாமான் வாங்க வழியில்லை, அவ்வளவுதான்.

தமிழரை அடித்து விரட்டிய கலவரம் ஓய்ந்து, அகதி முகாமிலிருந்து கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டை வாடகை வீட்டுக்குத் திரும்பியபோது சுவர்கள் நின்றன. எரிக்காமல் விட்டார்களே, அதற்கு நன்றி சொல்லுங்கள் என்றார்கள். சொன்னோம். உள்ளே போய்ப் பார்த்தால் கட்டில் இல்லை, மேசை இல்லை, கதவுக்குக் கைபிடி இல்லை. யாரோ ஆறுதலாக நின்று ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றியிருக்கிறார்கள். அம்மி மட்டும் கிடந்தது. பாரம் என்று விட்டிருப்பார்கள், சோம்பேறிகள்.

என் கணவருக்குக் கச்சேரியில் அரசாங்க வேலை. யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதிப்போட்டுவிட்டு, "இனி இந்த வீட்டில ஒரு ஆணியும் அடிக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டார். மாற்றம் வந்தால்தானே! நான் ரீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, ரயிலுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி பெட்டிக்கு மேல் குந்தியிருக்க என்னால் முடியவில்லை. வீடு என்றால் வீடு மாதிரி இருக்க வேண்டும்.

அதனால் பொறுக்கத் தொடங்கினேன். தேயிலைப் பெட்டி இரண்டைக் கவிழ்த்து மேலே பழைய சேலையை விரித்தால் மேசை. கலஹாப் பக்கத்துத் தோட்ட பங்களாவில் கழித்துப்போட்ட சாய்மனைக் கதிரை ஒன்று வந்தது. அதற்கு ஒரு கை இல்லை. இல்லாத பக்கத்தைச் சுவரோடு சேர்த்துப் போட்டேன், வந்தவர்கள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இடித்த வீடு ஒன்றின் யன்னல் சட்டத்தைக் கழுவித் துடைத்து, சாமிப் படத்துக்குச் சட்டமாக்கினேன். களைப்புத்தான். ஆனால் கை சும்மா இருந்தால் மனம் பேய்போல் அலையும்.

அலுமாரி வந்தது அதற்குப் பிறகு. பாலத்தடியில் ஒரு முஸ்லிம் நானாவின் பழைய சாமான் கடையில் நின்றது. தேக்கு. கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்டதும் எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். என் ஆசை யோசனையும் அறியவில்லை. கை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வைத்துத் தேசிக்காய்ப் புளியால் கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். ஓரமாக, என் நாடி உயரத்தில், வட்டம் வட்டமாகப் பசைத் தடங்கள். ஒன்றுக்குமேல் ஒன்றாக எத்தனையோ.

அது என்ன என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் நாங்கள் வெளியே போகும்போது நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவோம். பஸ்ஸில் யாரும் எங்களைத் தமிழச்சி என்று அடையாளம் காணக்கூடாது. திரும்பி வந்து கதவைப் பூட்டிய பிறகு எடுத்து வைத்துக்கொள்வோம். என்னைப்போலவே ஒருத்தி இந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பயந்து பயந்து தன் நெற்றியை வெறுமையாக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

கணவர் வந்து பார்த்தார். "இது ஆரோ எங்கட சனத்தின்ர வீட்டில அள்ளின சாமான். எங்கட வீட்டை எடுத்தவன் மாதிரித்தான் இதையும் எடுத்திருப்பான். உமக்கு இதில உடுப்பு வைக்க மனம் வருதோ?"

"நான் களவெடுத்தனானே? காசு குடுத்து வாங்கினனான்."

"சொந்தக்காரரைத் தேடிக் குடும். இல்லாட்டித் திருப்பிக் கொண்டுபோய் விடும். நான் இதுக்குள்ள என்ர சேட்டு ஒண்டும் வைக்க மாட்டன்."

விசர் மனுசன் என்று திட்டினேன். ஆனால் சேலையை மடித்துக்கொண்டு கதவைத் திறந்தால் எனக்கும் கை கூசியது. அலுமாரி என்னிடம் இருக்க வேண்டும். அவளும் பறிகொடுத்தவளாக இருக்கக்கூடாது. இரண்டும் எப்படி நடக்கும்?

நானாவிடம் போய்க் கேட்டேன். "வல்லாஹி, டீச்சர், கொள்ளையடிச்ச ஆள நான் கண்டதில்ல. லொறிக்காரன் வத்தேகமப் பக்கமிருந்து கொண்டு வந்தான். கைமாறிக் கைமாறி வந்தா நான் என்ன செய்யிற?" என்றார். அவரை நோக என்ன இருக்கிறது? அவருடைய கடைக் கதவிலும் தீய்ந்த அடையாளம் இருந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் சொல்லிவிட்டேன்: கண்ணாடி அலுமாரி பறிகொடுத்தவர்கள் வந்து பார்க்கலாம் என்று. அதுதான் நான் செய்த பெரிய மடைத்தனம். கண்டியில் அலுமாரி பறிகொடுக்காத தமிழ் வீடு எது? ஒவ்வொருவராக வந்தார்கள். கதவைத் தடவிப் பார்த்தார்கள், இல்லை என்றார்கள், பிறகு இருந்து தேத்தண்ணி குடித்துத் தங்கள் அலுமாரி எப்படி இருந்தது என்று சொல்லி அழுதார்கள். சொந்த அழுகையே தீராதபோது இதுவும் சேர்ந்தது. "இது வீடோ, பொலிஸ் ஸ்ரேசனோ?" என்று இவர் எரிந்து விழுந்தார். பட்ட காலிலே படும் என்று நானும் தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் பின்னேரம் வத்தேகமவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கட்டையான, மெலிந்த பெண். புருசன் அங்கே தையல் கடை வைத்திருந்தாராம், கடையும் வீடும் போய்விட்டனவாம். நேரே அலுமாரிக்கு முன்னால் போய் நின்றாள். கதவைத் திறந்தாள். உள்ளே அடியில், வெளியே இழுக்கிற லாச்சி ஒன்று உண்டு. அதைத் திறக்க நானும் கணவரும் கத்தி விட்டு நெம்பிப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தோம். அவள் குனிந்து, பலகையை முழங்காலால் லேசாகத் தள்ளி, பிடியை மேலே தூக்கி இழுத்தாள். வெண்ணெய்போல் வந்தது.

உடனே மூடிவிட்டாள்.

"எங்களோடது இல்லங்க, டீச்சர். நல்லாருக்கு. வச்சுக்குங்க."

முன் அறையில் இருந்த கணவருக்குக் கேட்கக்கூடாது என்று பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அவளோடு போனேன். "உம்மடதுதானே?" என்று கேட்டேன்.

அவள் றோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இப்ப அண்ணன் கூட தோட்டத்து லயத்துல இருக்கோம். ஒரே காம்பரா, காலு நீட்ட எடமில்ல. அடுத்த மாசம் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போறோம். எங்களோடதுன்னு சொன்னா நீங்க குடுத்துருவீங்க. நான் அத எங்கங்க வைக்கிறது? விக்கத்தான் வேணும்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப அவனுங்க எடுத்துட்டுப் போனதா இருக்கு. வித்தா, நானே வித்ததா ஆயிரும். அது வேணாங்க."

பஸ் வந்துவிட்டது. இரண்டு பேர் நெற்றியிலும் பொட்டில்லை. யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். கணவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, "அவையின்ரதோ?" என்று கேட்டார்.

"இல்லையாம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வாற வெள்ளிக்கிழமை கோயிலில சொல்லிவிடும்," என்றார், "இனி ஒருத்தரும் வந்து பார்க்கத் தேவையில்லை எண்டு."