லாயிட் மெல்வதை நிறுத்தினால்

‘ஊர் ஊராய்ச் சுற்றிய நாடோடி, விஸ்கியும் காதல் தோல்வியும் கண்ட கவிஞர்’ என்கிறது ஆல்பத்தின் அட்டை. ஹாலிஸ் டேக்கெட்டைப் போற்றிப் பத்துப் பாடகர்கள் அவருடைய பாடல்களைப் பாடியிருக்கும் ஆல்பம் அது. அட்டைப்படத்தில் அவர் ஒரு குதிரையின் கழுத்தைத் தடவுகிறார். குதிரை வாடகைக்கு வந்தது. ஹாலிஸுக்குக் குதிரை என்றால் பயம்.

பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஹாலிஸ், மாலையானால் மோரில் சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கரண்டியால் சாப்பிடுபவர். “இவரா நாடோடி?” என்கிறார் அவர் மனைவி நடீன். “பால் வாங்கப் போனாலே வழி கேட்டு போன் பண்ற மனுசன்!”

ஆல்பம் அச்சுக்குப் போகுமுன், கம்பெனியிலிருந்து மார்லா என்ற பெண் வந்திருந்தாள். ஹாலிஸுக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டின் பழைய இசைத்தட்டில், எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்கள் உண்டு. அதில் இரண்டாவதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

“யார் சார் இந்த லாயிட்?”

“அவனா? சரியான கழுதை. அவன் நாய் என் தக்காளிப் பாத்தியத் தோண்டுன நாள்லேருந்து அவன்கூடப் பேச்சே கிடையாது.”

“அப்போ எடுத்துடலாம்ல?”

“எப்படிம்மா? நான் எழுதுறப்ப அவன் ரூம்ல இருந்தானே!”

பாட்டு எழுதும்போது அறையில் இருந்தவருக்கும் பாட்டில் பங்கு என்பது பாட்டெழுதிப் பிழைக்கும் எங்கள் நாஷ்வில் நகரில் எழுதாத சட்டம். மார்லாவுக்கும் தெரியும். இருந்தாலும் விடவில்லை.

“எந்த வரி சார் அவரோடது?”

“ஒரு வரியும் இல்ல. ஜன்னலோரமா உக்காந்து கடலை தின்னுக்கிட்டிருந்தான். நான் ஒவ்வொரு வரியாப் பாடிக் காட்டுவேன். அவன் மென்னுக்கிட்டே இருந்தா அந்த வரிய அடிச்சிடுவேன். மெல்றத நிறுத்தினா வச்சுக்குவேன்.”

“இதுக்குப் போயி பேரா?”

“அவன் பேர் இல்லேன்னா அந்தப் பாட்டும் வேணாம்மா. மத்த ஒம்பதையும் போட்டுக்க.”

இரண்டு பெயர்களும் அச்சாகின.

வெளியீட்டு விழாவுக்கு லாயிடும் வந்தார், அழைத்தது நடீன். எனக்கும் ஹாலிஸுக்கும் நடைவழிக்கு அந்தப் பக்க வரிசையில் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து கடலையை எடுத்தார். பிரபல பாடகர் ஒருவர் எட்டு வயலின்களுடன் அந்தப் பாட்டைப் பாடினார். அரங்கமே எழுந்து நின்று கண்ணைத் துடைத்தது. ஹாலிஸ் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. என் காதோரம் குனிந்து, “மென்னுக்கிட்டேதான் இருக்கான்” என்றார்.

பிறகு மேடையேறி, யாரிடமோ கிதாரை வாங்கி, அதே பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். குரல் கரகரத்தது, சுருதியும் முழுதாகச் சேரவில்லை. மூன்றாவது வரியில் லாயிடின் தாடை நின்றது.

ஹாலிஸ் அந்த வரியை இன்னொரு முறை பாடினார்.