கமராவுக்கு ஒரு பிளாஸ்டர்

கண்டி டவுனில் கணினி திருத்தும் அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. எந்த லெப்டொப் வந்தாலும், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை அதன் கமராவில் ஒட்டிவிட்டுத்தான் வேலை தொடங்குவார். எங்களுடையதற்கும் ஒட்டினார்.

"மிஸ், வைரஸுக்குக் காவல்னு போட்டிருக்கிற இந்த வைரஸ் கார்ட எங்கேந்து எறக்கினீங்க?"

"இலவசம் எண்டு ஸ்கிரீனில தானா வந்தது. அமத்தினன்."

"ஃப்ரீயா நல்லதும் இருக்கு மிஸ். நாமதான் தேடி எடுக்கணும். இது வேவு பாக்கிறது. கமராவுக்குப் பக்கத்தில இந்தப் பச்ச லைட் எப்பேந்து எரியுது?"

"அதைப் போட்டதில இருந்து. காவல் நடக்குது எண்டு நினைச்சன்."

அவர் கை நின்றது. "எந்த ரூம்ல வச்சிருந்தீங்க?"

"மகளின்ர அறையில."

அவர் என் முகத்தைப் பார்க்காமல், ஒட்டிய பிளாஸ்டரின் மேலேயே இன்னொன்றை ஒட்டினார்.