மூணாறு குளிரும் என் புதுக் காரும்

கேரளத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் பாறசாலையில் குளிர் என்றால் ஃபேனை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைப்போம். அதற்கு மேல் எங்களுக்கு அனுபவம் கிடையாது. அப்படிப்பட்டவர்களைத்தான், மூணாறில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடப்பதை டி.வி.யில் பார்த்த கையோடு, "நாளைக்கே போவோம்" என்று கிளப்பினார் என் மனைவியின் அண்ணன்.

மச்சான் வளைகுடாவில் பதினோரு வருஷம் மீன் வைக்கும் குளிரறையில் சூப்பர்வைசராக இருந்தவர். ஆகவே உலகத்தில் குளிர் சம்பந்தப்பட்ட எதற்கும் கடைசி வார்த்தை அவருடையதுதான். "மைனஸ் பதினெட்டுல நின்னவனாக்கும் நான்" என்றார். கார் மட்டும் என்னுடையது. வாங்கி நாலு மாதம்.

மூணாறுக்கும் மேலே, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு விடுதியில் தங்கினோம். சரிவில் காரை நிறுத்தியதும் மச்சானே ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்கிவிடுவதுபோல் இழுத்து வைத்தார். கூட்டம் வருமுன் பனி பார்த்தாக வேண்டும் என்று மறுநாள் காலை ஆறு மணிக்கே எங்களை வெளியே நிறுத்தினார். கார் மாவில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது.

ரிமோட்டை அமுக்கினேன். பூட்டு விட்டது, கதவு விடவில்லை. "மாறு மக்கா" என்று என்னை ஒதுக்கிவிட்டு மச்சான் ஓர் இழு இழுத்தார். கைப்பிடி தனியாக வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்காக்கும்" என்றார், தீர்ப்புச் சொல்வதுபோல.

திறந்தது டிக்கி மட்டும். ஐம்பத்திரண்டு வயதில், சர்ச் சபைக் கமிட்டி உறுப்பினனான நான், அதன் வழியாகத் தவழ்ந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போய்ச் சேர்ந்தேன். மனைவி உதவி எதுவும் செய்யவில்லை. வீடியோ எடுத்தாள்.

எஞ்சின் கிளம்பியது. முன்கண்ணாடி வழியாகத்தான் ஒன்றும் தெரியவில்லை. "வைப்பரப் போடு" என்றார் மச்சான். போட்டேன். வைப்பர் உறுமிக்கொண்டு எழுந்தது, அதன் ரப்பர் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில் அவர் விடுதிச் சமையலறையிலிருந்து சுடுதண்ணீர்க் கெட்டிலோடு வந்துவிட்டார்.

"மச்சான், வேண்டாம்!"

"ஒண்ணும் ஆவாது."

டப் என்றது. இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு ஒரு விரிசல் அவசரமே இல்லாமல் நடந்து போனது. மூன்று பேரும் அது போய்ச் சேரும்வரை பார்த்தோம். "சூடு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

சரி, கிளம்பிவிடலாம் என்று ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். அது இறங்கியது, பின்சக்கரங்கள் உருளவில்லை. ராத்திரியில் பிரேக் உறைந்துவிட்டிருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்ததில் கார் உறைந்த புல்லில் சறுக்கிப்போய்த் தேயிலைச் செடியில் சாய்ந்து நின்றது.

அந்த வழியாக வேலைக்குப் போன தோட்டத்துப் பெண்கள் நின்றுவிட்டார்கள். மூத்தவர் கேட்டார்: "இந்த நேரத்துல ஏன் சார் வண்டிய எடுக்கிறீங்க? ஒன்பது மணிக்கு வெயில் வந்தா எல்லாம் தானா விட்டுருமே."

மச்சான் அவருக்குத் தமது மைனஸ் பதினெட்டுக் குளிரறை அனுபவத்தை விளக்கினார். அந்த அம்மா மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அங்க காரையும் உள்ளயே நிப்பாட்டுவீங்களா சார்?" என்றார். மச்சான் கெட்டிலைத் திருப்பிக் கொடுக்கச் சமையலறைப் பக்கம் போனார்.

ஒன்பது மணிக்கு வெயில் வந்தது. கதவுகள் திறந்தன, சக்கரம் உருண்டது. புல்லில் பனியும் போயிருந்தது. இவ்வளவு தூரம் வந்து நாங்கள் கவனித்துப் பார்த்த பனி, எங்கள் கார்மேல் இருந்ததுதான்.

இறங்கும்போது மனைவி முன்னால் உட்கார்ந்துகொண்டு அண்ணனைப் பின்னால் தள்ளினாள். அவர் உடைந்த கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. அடிமாலி வரைக்கும் எனக்குப் பாவமாக இருந்தது. அதற்கப்புறம் பேசத் தொடங்கிவிட்டார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து நெய்யாற்றின்கரை ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் பனியனோடு நின்று விசிறிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்து, யாரோ கல்லெறிந்துவிட்டதாக நினைத்து, "ஆரெங்கிலும் கல்லெறிஞ்ஞோ?" என்றார்.

"இல்ல. தணுப்பு" என்றேன். குளிருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்.

"தணுப்போ?" நெற்றி வேர்வையை வழித்துவிட்டு, உள்ளே இருந்த மூன்று பேரையும் கூப்பிட்டார். என்னை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.