கடைசியாக வரச் சொன்னேன்

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். போத்தனூரில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகும், பாதி வழியில் சைக்கிளைத் திருப்புகிற ஆள். தொண்ணூறுகளின் நடுவில் அப்படிப்பட்டவனைத்தான் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு மூப்பராக வைத்தார்கள்.

உண்மையில் அது என் நண்பரின் இடம். என் வயதுதான் அவருக்கும். பஞ்சு மில்லில் வேலை. பட்டறையில் கை நசுங்கி நான் மூன்று மாதம் வீட்டில் கிடந்தபோது ஒரு வியாழக்கிழமைகூடத் தவறாமல் வந்து ஜெபித்துவிட்டு, போகும்போது எங்கள் வீட்டுக் குடங்களில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போனவர். அவரைப் பார்த்துத்தான் நான் சபைக்குள் வந்தேன். அவருக்குக் காசநோய் என்று தெரிந்து வேலையும் பொறுப்பும் போனபோது, பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்து ஒரு ஞாயிறு காலை கோயிலுக்கு வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. "இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. திருவிருந்து வாங்கி எட்டு மாசமாச்சு. அது ஒண்ணுக்குத்தானுங்க காத்துட்டிருந்தேன்" என்றார்.

எங்கள் சபையில் மாதம் ஒரு முறை வரும் திருவிருந்தில் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரம். பீடத்தின் முன் வரிசையாக மண்டியிடுவோம். போதகர் அந்தப் பாத்திரத்தை ஒவ்வொருவர் வாயிலும் சாய்த்துக்கொண்டே வருவார்.

மணி அடிப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா என்னிடம் வந்துவிட்டார்.

"ஏனுங்க மூப்பரே, அவரு வாய் வெச்ச பாத்திரத்துல நாங்க எப்படீங்க வாய் வெக்கறது? கொழந்த குட்டி இருக்கற ஊடுங்க."

"டாக்டரு ஒட்டாதுன்னு சொல்லிட்டாருங்களாம் அம்மணி."

"டாக்டரு வந்து குடிப்பாருங்களா அதுல?"

பின்னால் நாலைந்து தலைகள் ஆடின. அவர்கள் கேட்டது எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்ததுதான். எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

நண்பரைச் சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். "தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்கு மட்டும் எல்லாரும் வாங்கின பொறகு கடைசியா வாங்க."

அவர் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். "செரிங்க. அன்னிக்கு நானு உங்களை முன்னால இழுத்துட்டு வந்தேன், இன்னிக்கு நீங்க என்னைப் பின்னால தள்றீங்க. பதவி வந்தா அப்படித்தானுங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

ஆட்களை வரிசை வரிசையாக அனுப்பிவிட்டு மூப்பர் இறுதியில் போவது வழக்கம். பாதிப் பேர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாரும் வாங்கி முடித்ததும் பாத்திரத்தில் மிச்சமிருப்பதைப் போதகர்தான் குடிப்பார். ஒரு சொட்டுகூட வைக்கக் கூடாது. சபையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, எல்லாருடைய பயத்தையும் போதகர் ஒருவர் வாயில் கொண்டுபோய் விட்டிருந்தேன். அவர் வீட்டிலோ மூன்று மாதக் கைக்குழந்தை.

ஆராதனை நடுவில் போய் எப்படிச் சொல்வது? நண்பரையாவது நிறுத்தலாமா? அதற்குள் அவர் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். பீடத்தின் முன் தனியாக மண்டியிட்டார். சபை முழுவதும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஏறக்குறைய ஓடிப்போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டேன்.

பாத்திரம் அவர் வாயருகே சாய்ந்தது. பிறகு என்னிடம் வந்தது. ஒரு மிடறுதான் கணக்கு. நான் பாத்திரத்தின் அடியைப் பிடித்து உயர்த்தினேன். போதகரின் விரல்கள் இறுகின. "போதும்" என்று முணுமுணுத்தார். நான் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிவரை குடித்தேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வெளியே வந்ததும், "மூப்பருக்கு நல்ல தாகமுங்க" என்று அந்த அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நண்பர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தார்.

"எதுக்குங்க அப்படிக் குடிச்சீங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "மிச்சத்தப் போதகரு குடிக்கணுமுங்க. அவரு ஊட்ல கைக்கொழந்த. அதான்..."

அவர் நின்றுவிட்டார். "நானு வாயே தொறக்கலீங்க. உதட்ட மூடிட்டேன்."

"ஏனுங்க?"

"நீங்க கடைசியா வரச் சொன்னப்பவே எனக்கும் அந்த மிச்சம் ஞாபகம் வந்துச்சுங்க."

அன்று மாலை போதகர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. "அடுத்த மாசம் யாரு எங்க வரணும்னு நீங்களே சொல்லுங்க மூப்பரே" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்த மாதம் முழுக்க, பிள்ளைகள் இருமினாலே எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

அடுத்த திருவிருந்து அன்று நண்பரின் பெஞ்சுக்குப் போனேன். "முதல் வரிசைக்கு வாங்க."

"மறுபடியும் எடம் மாத்தறீங்களா?"

"நானும் வாரேனுங்க."

அந்த அம்மா எழவில்லை. இன்னும் சிலரும் எழவில்லை. எங்கள் வரிசை பாதிதான் நிறைந்தது. பாத்திரம் நண்பரிடம் வந்தபோது தொண்டை அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அசைந்தது. எனக்குப் பயம் போகவில்லை. வாயைத் திறந்தேன்.